தவளை எஞ்சினும் உன் குதிகாலும்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், உன் அக்கா நலம், டீசல் எஞ்சின் மிகவும் நலம். உன் அப்பாவின் நலம் எஞ்சினின் நலத்தைப் பொறுத்தது என்பதால் அதைத் தனியாக எழுதவில்லை. நீயும் மருமகளும் அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு நடமாடுகிறீர்கள் என்று நம்புகிறேன். கையில் போன் இருக்கும்போது இந்த அம்மாவுக்குக் காகிதமும் உறையும் எதற்கு என்று நினைப்பாய். காரணம் இருக்கிறது. நான் உன்னோடு பேசத் தொடங்கியதும் பக்கத்து அறையில் அரம் ராவும் சத்தம் நின்றுவிடுகிறது, பேசி வைத்ததும் மறுபடி தொடங்குகிறது. ஒட்டுக்கேட்கிறீர்களா என்றேன், அரம் சூடாகிவிட்டது, ஆறவைத்தேன் என்றார். நாம் பேசும் நேரம் பார்த்துச் சூடாகிற அரம் உலகத்திலேயே நம் வீட்டில்தான் இருக்கிறது. அந்த அரத்தின் காதில் விழக்கூடாத விஷயம் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் உன் அறையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், வரும்போது வாசலிலேயே மயங்கி விழவேண்டாம். உன் கட்டில் இப்போது ரயில்வே சொத்து. மெத்தை மாடிப்படிக்குக் கீழே சுருண்டு கிடக்கிறது. கட்டில் சட்டத்தின் மேல் பலகை, பலகையின் மேல் தண்டவாளம், தண்டவாளத்தின் மேல் உன் அப்பா கட்டும் தவளை எஞ்சினின் அடிச்சட்டம். நிஜத்தில் எட்டில் ஒரு பங்குதான் என்று தொடங்கும்போது சொன்னார். எட்டில் ஒரு பங்கு என்றால் அலமாரிக்குள் அடங்கும் என்று நான் நம்பினேன், கணக்கில் நான் எப்போதும் அப்படித்தான். உன் அப்பா அதன் பக்கத்தில் படுத்தால் இருவரும் ஒரே நீளம், சில மதியங்களில் படுக்கவும் செய்கிறார். நீ ஓட்டப்பந்தயத்தில் வாங்கிய கோப்பைகளை நான் பரணில் போடலாம் என்றேன், கூடாது என்று தடுத்துவிட்டார். பாசம் என்று நினைத்து நெகிழ்ந்து போனேன். மறுநாள் பார்த்தால் முதல் பரிசில் பெரிய திருகாணி, இரண்டாம் பரிசில் சின்னத் திருகாணி, ஆறுதல் பரிசில் வளைந்துபோன திருகாணி. தகுதி பார்த்துத்தான் பிரித்திருக்கிறார்.

தவளை எஞ்சின் உனக்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ தெரியாது. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது இந்தப் பாதையில் கொஞ்ச காலம் ஓடியது. அகன்ற வாய், பிதுங்கிய இரண்டு விளக்கு, அதனால் அந்தப் பெயர். மொத்தமே நாலைந்துதான் கட்டினார்களாம். கொஞ்ச தூரம் போனதும் சூடாகி நடுவழியில் நின்றுவிடும் என்பதால் ஒன்றுவிடாமல் உடைத்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். கட்டிய கம்பெனியும் இப்போது இல்லை, வரைபடமும் இல்லை. ஒழுங்காக ஓடிய எஞ்சின்கள் எத்தனையோ இருக்க, யாருக்கும் வேண்டாத, நின்று நின்று போன இதை ஏன் பிடித்தீர்கள் என்று கேட்டேன். "மத்ததுக்கெல்லாம் ஆள் இருக்கு" என்றார். இதே பெருந்தன்மையோடுதான் என்னைப் பெண் பார்க்க வந்தாரோ என்று ஒரு சந்தேகம் வந்தது, கேட்கவில்லை.

ஓய்வு பெற்றுவிட்டால் பல்செட் கட்டும் சாமான்களையெல்லாம் யாருக்காவது கொடுத்துவிடுவார் என்று நான் மனப்பால் குடித்ததும் வீண். கைப்பிடிகள் முழுக்கப் பல்லுக்குக் கட்டும் கம்பி. சக்கரத்தின் மேல் வருகிற மூடிகளை மெழுகில் செதுக்கி, மாவுக்கட்டு போடும் மாவில் அச்சு எடுத்து, ஈறுக்குப் போடும் அந்த ரோஸ் நிறப் பொடியைக் குழைத்து அடைத்து, என் பெரிய பாத்திரத்தில் வேகவைத்து எடுக்கிறார். வீட்டுக்கு வந்தவர்கள் அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று கேட்டால் எஞ்சின் என்று சொல்லிப் பழகிவிட்டேன், ஒருவரும் இரண்டாம் முறை சாப்பிட வருவதில்லை. பெயின்ட் அடிக்கும்வரை எல்லா மூடியும் ஈறு நிறத்தில்தான் இருக்குமாம். சக்கரம் கடைந்து தந்த லேத்துப் பட்டறைக்காரர் வந்து பார்த்துவிட்டு, "சார், வண்டி சிரிக்குது" என்றார். உன் அப்பா அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு அவருக்கு இன்னொரு காபி போடச் சொன்னார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அவருடைய போன பிறந்தநாளுக்கு நீ பார்சலில் ஒரு எஞ்சின் அனுப்பினாய், கூடவே "அப்பா, இனிமே கஷ்டப்பட வேண்டாம், ரெடிமேடா வந்தாச்சு" என்று ஒரு அட்டை. நல்ல மனதோடுதான் அனுப்பினாய், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அவர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, இது தவளை இல்லையே என்றார். நீ போனில், "எல்லாம் எஞ்சின்தானேப்பா" என்றாய். ஆயுசு முழுக்கப் பல் கட்டியவரிடம் எல்லாம் பல்தானே என்று சொல்வது போன்றது அது. அன்றைக்குத் தொடங்கிய மரியாதை இன்னும் ஓயவில்லை. நீ கூப்பிட்டால் அவர் எடுக்கிறார், "இரு, அம்மாகிட்ட குடுக்கறேன்" என்கிறார். நான் வாங்கியதும் நீ, "அப்பா எப்படிம்மா இருக்காரு" என்கிறாய், ஒரு மூச்சுக்கு முன்னால் அவரிடம்தான் பேசிக்கொண்டிருந்தாய். அவரும் நான் வைத்த பிறகு வந்து, "அவனுக்கு அந்தக் கடவாய்ப் பல் இன்னும் கூசுதாமா" என்று கேட்கிறார். இரண்டு ஆண்பிள்ளைகளுக்கும் நடுவில் நான் சம்பளமில்லாத தபால்காரி. என் ஓய்வுக் காலத்துக்கு நான் வேறு ஏதோ திட்டம் வைத்திருந்ததாக ஞாபகம்.

நான் எழுதக் காரணம் அந்தச் சண்டை மட்டும் அல்ல, உன் உயரம். வரைபடம் இல்லாத எஞ்சினை எப்படிக் கட்டுகிறார் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. நம்மிடம் ஒரு போட்டோ இருக்கிறதே, இரண்டாம் வகுப்பு விடுமுறைக்குப் புறப்பட்டபோது ரயில் நிலையத்தில் எடுத்தது, தவளையின் ஒரு பக்கம் முழுக்கத் தெரிய, அதன் மேல் முதுகை ஒட்டிக்கொண்டு நீ நிற்பாயே, அதுதான் அவருக்கு ஆதாரம். சக்கரமெல்லாம் நடைமேடைக்குக் கீழே மறைந்துவிட்டது. அளவு தெரிந்த பொருள் அந்தப் படத்தில் ஒன்றே ஒன்று, அது நீ. சமையலறை நிலைக்காலில் மாதாமாதம் உன்னை நிறுத்திப் பல் செதுக்கும் உளியால் கீறி வைப்பாரே, அந்த மாதத்துக் கீறலை எடுத்துக்கொண்டார். பையன் இவ்வளவு என்றால் எஞ்சின் எவ்வளவு என்று கணக்குப் போட்டு, ஜன்னல், கதவு, கூரை, கடைசித் திருகாணிவரை எல்லாவற்றையும் உன்னை வைத்தே அளந்திருக்கிறார். போன தடவை வீடு முழுக்க வெள்ளை அடித்தபோது அந்த ஒரு நிலைக்காலை மட்டும் தொடவிடவில்லை, இன்னும் பழைய பச்சையில் நிற்கிறது. பெயின்ட்காரர் போகும்போது, "அம்மா, ஒரு கால் விட்டுப்போச்சுன்னு ஊர்ல சொல்லிடாதீங்க, என் பொழப்பு போயிடும்" என்று கெஞ்சிவிட்டுப் போனார்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, நல்லதைச் செய்கிறேன் என்று உன் அப்பா ஒரு நெட்டை டிரைவரைத் தேடிப் பிடித்து அழைத்துவரும்வரை. தவளையைக் கொஞ்ச நாள் ஓட்டியவராம், இப்போது ஓய்வு. ஓட்டிய நாளைவிட அது நின்றுபோய் இறங்கி நடந்த நாள்தான் அதிகம் என்று அவரே சொன்னார். நிஜ அளவில் எஞ்சின் கதவை அட்டையில் வெட்டி உன் அறைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தார் உன் அப்பா. டிரைவர் அதன் முன்னால் போய் நின்றார், பழக்கத்தில் கையை நீட்டினார், கை அட்டையில் வரைந்த கைப்பிடிக்கு மேலே போய் நின்றது. "சார், நாலு விரல் இறங்கியிருக்கு" என்றார். உன் அப்பா, "உங்களுக்கு வயசாச்சு, ஞாபகம் மாறியிருக்கும்" என்றார். "ஞாபகம் மாறும் சார், கை மாறுமா? வயசானா மனுஷன் குறுகத்தானே செய்வான், என் கை எப்படி மேல போகும்?" என்று அவர் கேட்டார். பிறகு இரண்டு பெரியவர்களும் அரை மணி நேரம் யார் குறுகினார்கள் என்று சண்டை போட்டார்கள். டிரைவர் காபிகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் உன் அக்கா தையல் கடையைப் பூட்டிவிட்டு வந்தாள். போட்டோவைக் கையில் எடுத்தாள், ஒரே பார்வைதான், மனிதர்களை அளப்பதுதானே அவள் தொழில். "அப்பா, இவன் கால்சட்டை மடிப்பு எங்க இருக்கு பாருங்க, முழங்கால் இவ்வளவு மேல வராது, எக்கி நிக்கறான்" என்றாள். உன் பாதங்களைப் படத்தில் பார்க்க முடியாது, முன்னால் நம் துணிப்பை இருக்கிறது. நீ எக்கி நின்றிருந்தால் நிலைக்காலில் கீறிய பையனைவிடப் படத்தில் இருக்கும் பையன் நாலு விரல் உயரம், அப்படியென்றால் எஞ்சின் முழுவதும் அந்தக் கணக்குக்குச் சின்னதாகிவிட்டது, அடிச்சட்டத்திலிருந்து திரும்பத் தொடங்கவேண்டும். உன் அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. எஞ்சின் போய்விட்டதே என்று அல்ல. "அவன் எதுல வேணா சேட்டை பண்ணுவான், அளவுல ஏமாத்த மாட்டான்" என்றார். உன் அக்கா, "அவனா? எந்த போட்டோல அவன் குதிகால் தரையில பட்டிருக்கு? என்னைவிடக் குள்ளமாத் தெரிஞ்சிடக்கூடாதுன்னு எல்லாத்துலயும் எக்கித்தான் நிப்பான்" என்றாள். "அது நீ பக்கத்துல இருந்தா. இதுல நீ இல்லையே" என்று மடக்கினார். உன்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசாத மனிதர் உனக்காக இப்படி வழக்காடியதை நீ பார்த்திருக்க வேண்டும், வக்கீல் வைத்தால்கூட இவ்வளவு வாதாட மாட்டார்.

அதிலிருந்து வேலை நின்றுபோயிருக்கிறது. எஞ்சினின் உடம்புக்கு இரண்டு பெரிய பித்தளைத் தகடு வாங்கி வைத்திருக்கிறார், வெட்டிவிட்டால் திரும்ப ஒட்டாது. காலையில் போய் உட்கார்ந்து தகட்டில் கோடு போடுகிறார், மத்தியானம் எண்ணெய்த் துணியால் அழிக்கிறார். தகடு கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது, நான் அதில் பார்த்துத்தான் இப்போது தலைவாருகிறேன். தட்டில் வைத்ததில் பாதியைத்தான் சாப்பிடுகிறார். அரம் சத்தம் நின்றால் நிம்மதியாகப் புத்தகம் படிக்கலாம் என்று எத்தனை நாள் புலம்பியிருப்பேன், இப்போது ஒரு பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. பையனைக் கூப்பிட்டுக் கேட்டால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடுமே என்றேன். அவனுக்கு ஆயிரம் வேலை இருக்கும் என்றார். பித்தளைக்குக்கூட இவ்வளவு வீம்பு இல்லை, சூடு காட்டினால் வளைகிறது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், நான் சொன்னதாகச் சொல்லாதே. நீ அனுப்பிய ரெடிமேட் எஞ்சினைக் குப்பையில் போட்டுவிட்டார் என்று நீ நினைத்துக்கொண்டிருப்பாய். அது உன் படிப்பு மேஜையில் விளக்குக்குக் கீழே இருக்கிறது. அதன் கைப்பிடிகள் தடியாக இருந்தனவாம், எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் பல்கம்பியில் மெல்லியதாகப் புதிதாய்ச் செய்து போட்டிருக்கிறார். வேண்டாத வண்டிக்கு எதற்கு இவ்வளவு சிரத்தை என்று கேட்டேன். "தப்பா இருக்கறதைப் பார்த்துக்கிட்டு எப்படிச் சும்மா இருக்கறது" என்றார். அப்படிப்பட்டவர் உன்னோடு பேசாமல் மட்டும் எப்படிச் சும்மா இருக்கிறார் என்று கேட்க வாய்வரை வந்தது, அடுப்பில் ஏதோ மூடி வெந்துகொண்டிருந்ததால் போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது அவர் வழக்கம்போல "இரு, அம்மாகிட்ட குடுக்கறேன்" என்பார். "வேண்டாம்ப்பா, உங்ககிட்டதான்" என்று சொல். அதற்குமேல் நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. எக்கி நின்றேன் என்றால் எக்கி நின்றேன் என்று சொல், இல்லை என்றால் இல்லை என்று சொல், அவரைச் சந்தோஷப்படுத்த மாற்றிச் சொல்லாதே, நாலு விரல் பொய்யை எட்டால் வகுத்துக்கூட அவர் கண்டுபிடித்துவிடுவார். எஞ்சின் மறுபடி முதலிலிருந்து தொடங்கினாலும் கவலையில்லை, என் பாத்திரம் ஏற்கெனவே பாழாகிவிட்டது. அந்தப் படத்தை எடுத்தது யார் என்று நீ இந்நேரம் யோசித்திருப்பாய். நான்தான். துணிப்பையை உன் முன்னால் வைத்தவளும் நான்தான். உன் குதிகால் எங்கே இருந்தது என்று உன் அப்பா என்னிடம் ஒரே ஒரு தடவை கேட்டார், எனக்கு ஞாபகமில்லை, அவனையே கேளுங்கள் என்றேன். நாற்பது வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவள், கல்யாணத்தன்று அவர் சட்டையில் எந்தப் பொத்தான் இல்லை என்பதை இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறவள் நான். இந்த வீட்டில் ஞாபகமறதி என்பது எனக்குக் கிடையாது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அவர் இரண்டாம் தடவை கேட்கவில்லை, சரி என்று தலையாட்டிவிட்டு, போனை எடுத்து சார்ஜில் போட்டார்.

நீயும் மருமகளும் சுகமாக, மனம் ஒத்து, பல் நோவு இல்லாமல் நெடுநாள் இருக்க வேண்டும். அந்தக் கடவாய்ப் பல்லைக் காட்டினாயா என்பதையும் அவரிடமே சொல், என்னிடம் சொல்லாதே, தபால்காரி வேலையை இந்தக் கடிதத்தோடு விட்டுவிட்டேன்.

ஒன்றுமே ஞாபகமில்லாத
உன் அம்மா