முழுச் சொம்பு

குருசுக்குப்பம்
20.8.2023

என் சோத்துமூட்டை அன்பழகனுக்கு அம்மா எழுதுவது.

நலமா என்று கேட்க மாட்டேன். கோபமாக இருக்கிறேன். போனை எடுக்காததும் அதனால்தான். உன் குரலைக் கேட்டால் கோபம் போய்விடும்.

பிரான்சுக்குப் போய் ஆறு வருஷம் கழித்து வந்தாய். கோயில் வாசலில் ஆடிக்கூழை இரண்டு வாய் குடித்துவிட்டு, சொம்பைக் கீழே வைத்து ஓடினாய். அன்றைக்கு முழுக்க வயிற்றுப்போக்கு. அப்புறம் லீவு முடிகிற வரைக்கும் கடை ரொட்டி. எதிர்வீட்டு மேனகா, "இன்னாக்கா, வெள்ளைக்காரனையா பெத்த?" என்றாள். தெருவே சிரித்தது. பானையை வழித்துத் தின்று வளர்ந்த வயிறுதானே அது? என் கூழ் விஷமென்றால் நானும் வேண்டாம், போ.

அம்மா குஞ்சம்மாள்

மர்செய், பிரான்ஸ்
15.11.2023

கோபக்கார அம்மாவுக்கு,

திட்டும்போதுகூட சோத்துமூட்டை என்றுதான் எழுதியிருக்கிறாய். அது போதும்.

இங்கே டாக்டரைக் கேட்டேன். குடலில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் கோடிக்கணக்கில் இருக்கிறதாம். எல்லாம் கெட்டதில்லை. நாம் தின்பதைத் தின்று பிழைப்பவை பெருகும், தீனி கிடைக்காதவை குறையும். மீன்பாடு இல்லாத நாளில் கரையில் பூனைகள் குறையுமே, அப்படி. ஆறு வருஷமாக ரொட்டியும் சீஸும் போட்டேன். கூழுக்கானவை மெலிந்துவிட்டன. கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினால் திரும்ப வருமாம்.

இலங்கைக்காரர் கடையில் கேழ்வரகு மாவு வாங்கிப் புளிக்கவைத்துக் காய்ச்சுகிறேன். ஒரு கரண்டியில் ஆரம்பித்தேன். கருவாடும் சுடுகிறேன். ரூமில் கூட இருக்கிற காரைக்கால் பையன் கிளமான் குளிரில் ஜன்னலைத் திறந்துவிட்டு, "டேய், போலீஸ் வந்துடப் போறான்டா" என்று கத்துகிறான்.

அரைச் சொம்புக்கு வந்துவிட்டேன். அடுத்த ஆடிக்கு முழுச் சொம்பு, அதே வாசலில், மேனகா சித்தி எதிரிலேயே. போனை எடும்மா.

உன் சோத்துமூட்டை

குருசுக்குப்பம்
8.6.2024

டேய் சோத்துமூட்டை,

போனை எடுத்தேன். தினமும் பேசினோம். எவ்வளவு குடிக்கிறாய் என்று கேட்டால், "வந்து குடிக்கிறேன், பாரு" என்று சிரித்தாய். கடைசியில் பெட்டியில் வந்தாய். அங்கே மழையில் வண்டி சறுக்கியதாம். ஆடி வரைக்கும் பொறுக்க மாட்டாயா? பெட்டியைத் திறக்கக் கூடாது என்றார்கள். உன் வயிற்றைக்கூட ஒருதரம் தொட விடவில்லை, பாவிகள். நீ கரண்டி கரண்டியாக வளர்த்தவையும் உன்னோடு எரிந்துபோயின.

நாளைக்குக் கருமாதி. படையலுக்கு மேனகா ரொட்டி வாங்கி வந்தாள். "கடசியா அதானேக்கா துன்னான்" என்றாள். தூக்கித் தெருவில் வீசினேன். "எம்புள்ள கூழு குடிச்சான்டி!" என்று கத்தினேன். அழுதுகொண்டே போனாள். அழட்டும்.

கடைசியில் எவ்வளவு குடித்தாய் என்று கிளமானைக் கேட்டேன். அவன் வேறு ரூமுக்குப் போய்விட்டானாம், தெரியாதாம். ஜன்னலைத் திறந்து கத்தத் தெரிந்தது, இது தெரியாதா?

கூழ் காய்ச்சி இறக்கிவிட்டேன். படையலுக்கு எவ்வளவு ஊற்றுவதென்று தெரியாமல் சொம்பை முன்னால் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். திரும்பவும் உனக்கு வயிறு வலிக்கக் கூடாது. முழுச் சொம்புக்கு வந்துட்டியாடா, இல்லையா?