அப்பாவின் வயிறு

மார்ச் 4
லிஃப்ட் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் இன்று நுழைய முடியவில்லை. வயிறு இடித்தது. இருபது வருடமாக நுழைந்து ரிப்பேர் பார்த்த இடம். சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும், "என்னய்யா, தினமும் எத்தனை பீரு?" என்றார். சிரித்து வைத்தேன். நான் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. அப்பா எடுத்த பேரே போதும் எங்கள் குடும்பத்துக்கு.

மார்ச் 11
ஸ்கேன். சிறுநீரகம் இரண்டிலும் எண்ண முடியாத நீர்க்கட்டிகள். கைக்குள் அடங்க வேண்டிய சிறுநீரகம் ஒவ்வொன்றும் ஒரு ஜாணுக்கு மேல் நீண்டுவிட்டதாம். கல்லீரலிலும் கட்டிகள், அதுவும் வீங்கித்தான் வயிறு முன்னால் தள்ளியிருக்கிறது.

"கல்லீரல் பெருசானாலும் வேலை பாக்குது. கிட்னிதான் கைவிரிச்சிருச்சு. இது பரம்பரையா வர்றது. அப்பாவுக்கா, அம்மாவுக்கா?" என்றார் டாக்டர்.

அம்மாவுக்கு எழுபத்திரண்டு. கல்லு மாதிரி இருக்கிறாள்.

"அப்பாவுக்கும் வயிறு பெருசு சார். எந்நேரமும் வாந்தி, தள்ளாட்டம். குடிச்சே நாப்பத்தெட்டுல போயிட்டார்."

"அவர் குடிச்சதை நீங்க பாத்திருக்கீங்களா?"

 

மார்ச் 12
பார்த்ததே இல்லை. வீட்டில் ஒரு பாட்டில்கூட அகப்பட்டதில்லை. எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறார் என்று அம்மா சொல்வாள். நானும் சேர்ந்து தேடுவேன்.

மார்ச் 15
லீவு. எழுந்திருக்கவே தெம்பில்லை.

மார்ச் 19
அம்மாவிடம் சொல்வதா, வேண்டாமா? "அந்தக் குடிகாரன் புத்தி உனக்கு வரலையே, அதுவே போதும்" என்றபடிதான் இன்றும் தட்டை வைத்தாள். இந்த வயதில் இதை அவள் தலையில் போடவேண்டுமா? போடாவிட்டால் அப்பா செத்தும் குடிகாரர்தான். தெருவில் அவர் எதிரே வந்தால் சந்துக்குள் நுழைந்துகொள்வேன் – அப்போது பதினாறு வயது எனக்கு. பாவி நான்.

ஏப்ரல் 2
அடுத்த வாரம் டயாலிசிஸ். இனி மறைக்க வழியில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. "கிட்ட வா. ஊது" என்றாள்.

ஊதினேன். சிறுநீரகம் கெட்டால் மூச்சில் ஒரு வாடை வரும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

"இதே வாடைதான்டா. தினம் வாசல்ல நிறுத்தி ஊதச் சொல்லுவேன். 'சத்தியமா குடிக்கலடி'ம்பாரு. ஒருநாள் கன்னத்துல ஒன்னு வெச்சேன்."

மடித்த சட்டையைப் பிரித்தாள். மறுபடி மடித்தாள். ஏன்தான் சொன்னோம் என்று இருந்தது.

ஏப்ரல் 3
அம்மா சாப்பிடவில்லை.

ஏப்ரல் 9
முதல் டயாலிசிஸ். நாலு மணி நேரம். உடம்பு அடித்துப் போட்டது போலிருக்கிறது. வராதே என்று சொல்லியும் கேளாமல் அம்மா வந்தாள். பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி, "உங்க குடும்பத்துல வேற யாருக்காச்சும் உண்டாம்மா?" என்று கேட்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"இவங்க அப்பாவுக்கு. குடிப்பழக்கமே கிடையாது அவருக்கு. ஒரு சொட்டு தொட்டதில்ல."

ஊசியைக் கழற்ற வந்த நர்ஸிடமும் அதையே சொன்னாள். வீட்டுக்கு வரும் வழியில் டாக்சிக்காரரிடமும் சொன்னாள். அவர் பாவம், "சரிங்கம்மா" என்றார்.