அக்காவுக்கு இருபத்து நான்கு பைகள்

மார்ச் 3, செவ்வாய்

பதினெட்டு நாள் வேலை இன்று முடிந்தது. பழைய பச்சைத் திரைச்சீலையில் இருபத்து நான்கு சின்னப் பைகள். ஒவ்வொன்றிலும் ஓர் அட்டை: தண்ணீர், சாப்பாடு, கழிவறை, வலி, போர்வை, மின்விசிறி என்று. படமும் நானே, எழுத்தும் நானே. முதல் வகுப்புக்கு எழுதுவது போலப் பெரிதாக எழுதியிருக்கிறேன். கடைசியில் ஒரு பூ, அடியில் ‘நன்றி’. அது மட்டும் நழுவிவிடக் கூடாதென்று நான்கு பக்கமும் சேர்த்துத் தைத்துவிட்டேன்.

அக்காவுக்குப் பக்கவாதம் வந்து, என் வீட்டுக்கு அழைத்து வந்து, மூன்று மாதமாகிறது. அக்கா வாயில் மிஞ்சியது ‘அது’ என்ற ஒரே சொல். பசித்தாலும் அது, வலித்தாலும் அது. வலது கை கிடந்த இடத்தில் கிடக்கிறது. நாற்பது வருடம் தையல் கடை நடத்தி, வந்தவர் போனவரையெல்லாம் நாக்காலேயே அளந்து வெட்டியவள்.

நாளை அவள் பிறந்த நாள். விரலைக் காட்டினால் போதும், இனி அவளும் பேசலாம். என் தையல் கோணல்தான். பார்த்துச் சிரிப்பாள். சிரிக்கட்டும்.

மார்ச் 4, புதன்

பார்த்தாள். இடது கையால் தள்ளினாள். தேநீர் கொட்டியது. அவ்வளவுதான்.

மார்ச் 7, சனி



மாடியில் துணி உலர்த்திவிட்டு வரப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். வந்து பார்த்தால் அவள் மடியில் பச்சைத் துணி, இடது கையில் அவளுடைய நூல் வெட்டும் குட்டிக் கத்திரி. ‘நன்றி’யைப் பிரித்துத் தரையில் போட்டிருக்கிறாள். மற்ற இருபத்து மூன்றைத் தொடவே இல்லை. அதை மட்டும், ஒவ்வொரு தையலாக, துணியில் ஒரு கீறல் விழாமல் பிரித்திருக்கிறாள். தொழில் சுத்தம்!

“ஏன்க்கா, ஒரு நன்றி சொன்னா தேஞ்சா போயிடுவ?” என்றேன்.

பேச்சு வராதவளிடம் கேட்கக் கூடாத கேள்வி. தெரிந்தேதான் கேட்டேன்.

“அது,” என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மூணு மாசம். குளிப்பாட்டி, துடைச்சு, ஊட்டி... என்ன குறை வெச்சேன் இவளுக்கு? ஊசி கோத்துக் கோத்துக் கண்ணு ரெண்டும் எரியுது. சின்ன வயசுலயும் இப்படித்தான். நான் எதைக் கொடுத்தாலும் அதுல ஒரு நொட்டை. நான்தான் எப்பவும் இளிச்சவாய்.

அக்கா மகனைப் போனில் கூப்பிட்டேன். “என்னால முடியலப்பா. நீ சொன்ன அந்த முதியோர் இல்லத்துலயே சேர்த்துடு.”

“நான் அப்பவே சொன்னேனே சித்தி. அடுத்த ஞாயித்துக்கிழமை வண்டியோட வரேன். அம்மா வீட்டுச் சாவி என்கிட்டதானே இருக்கு, அந்த வீட்டையும் வாடகைக்கு விட்டுடலாம்.”

சரி என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மார்ச் 8, ஞாயிறு

அவளோடு பேசுவதில்லை என்று முடிவு. இப்போது இருவருக்குமே பேச்சு வராத வீடு இது.

மார்ச் 10, செவ்வாய்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதிவிட வேண்டும்.

மதியம் சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் வாயைத் திறப்பதில்லை என்ற வைராக்கியம் இருக்கிறதே. திறக்காமலே திட்டலாம் என்று பச்சைத் துணியை எடுத்தேன். விரல் ஓடியது. தண்ணீர். போர்வை. தலையணை. வெந்நீர். மேல் வரிசை, கீழ் வரிசை, மறுபடி மேல் வரிசை. திட்ட ஒரு சொல் இல்லை. சண்டையை ஆரம்பிக்கக்கூட ஒன்று இல்லை. ‘வேண்டாம்’ இல்லை. தட்டை நகர்த்தாமல் அவள் வேறு என்ன செய்வாள்?

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் பழைய அக்கா.

நான் டீச்சராக இருந்த காலத்தில் ஒரு வருடம் தேர்வுத் தாளில் ‘சரியா, தவறா’ என்று பத்து வாக்கியம் கொடுத்தேன். அவசரத்தில் பத்தையும் சரியான வாக்கியங்களாகவே எழுதிவிட்டேன். “டீச்சர், தவறுன்னு எங்க போடறது?” என்று ஒருத்தி எழுந்தாள். “கொடுத்ததை எழுது” என்று அதட்டி உட்கார வைத்தேன். ஆசிரியர் அறைக்குப் போய்த்தான் தாளைப் பார்த்தேன். திரும்பி வந்து அவளிடம் சொல்லவில்லை.

கேட்பாள், வாங்கிக்கொள்வாள், நன்றி சொல்வாள். அப்படி ஓர் அக்காவைத் தைத்து வைத்திருக்கிறேன். எனக்கு எப்போது அப்படி ஓர் அக்கா இருந்தாள்?

கோபம் குறையவில்லை. இப்போது என் மேல்.

மார்ச் 11, புதன்

தலையணை, வெந்நீர் என்று சிலதை உருவிவிட்டுப் புது அட்டைகள் போட்டேன். வேண்டாம். மாட்டேன். போடி. வாயை மூடு. என்னைக் கேட்டியா?

கடைசியது கடையில் அவள் அன்றாடம் சொன்னது. “கை குட்டையா வெக்கணும்னு நீயே முடிவு பண்ணிட்டு வந்திருக்க. என்னைக் கேட்டியா?”

பிறகு பழைய வாரப் பத்திரிகைகளையும் கத்திரியையும் அவள் மடியில் வைத்தேன். “இன்னும் என்ன வேணும்னு நீயே வெட்டிக்கோக்கா. எனக்குத் தெரியாது. இத்தனை வருஷம் பாடம் நடத்தி என்ன...”

‘போடி’யை உருவிக் காட்டினாள். மூன்று மாதத்தில் எங்கள் முதல் உரையாடல்.

செயலற்ற வலது கையைத் தூக்கித் தாளின் மேல் பாரமாக வைத்துக்கொண்டு, இடது கையால் சாயங்காலம் வரை வெட்டினாள். தேறியது இரண்டு படம். ஒரு சாவி, ஒரு தையல் மெஷின். தொழில் ஞாபகம் போலிருக்கிறது என்று ஒட்டிக் கொடுத்தேன்.



மார்ச் 15, ஞாயிறு

மகன் வண்டியோடு வந்தான். “நல்ல இடம்மா. நர்ஸ் இருக்காங்க, தோட்டம் இருக்கு. சித்தியும்தான் எத்தனை நாள் பாப்பாங்க?”

அக்கா ‘என்னைக் கேட்டியா?’வை எடுத்து அவன் சட்டைப் பையில் செருகினாள். அவன் விழித்தான். உடனே அதைப் பிடுங்கி என் முகத்துக்கு நேரே நீட்டினாள். நியாயம். போன் செய்தது நான்.

அடுத்து சாவி. அதன் பக்கத்தில் மெஷின்.

“வீட்டுக்குப் போகணுமா? தனியா எப்படிம்மா?” என்றான் மகன்.

தொழில் ஞாபகம் என்று ஒட்டிக் கொடுத்தேனே, எத்தனை பெரிய மக்கு நான். எனக்குச் சுருக்கென்றது. “ஏன், என் வீடு கசக்குதா உனக்கு?”

‘வாயை மூடு.’ ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

அவன் பையிலிருந்து நிஜச் சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்து இழுத்து, சாவியை அதில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டாள்.

கூடவே வான்னு கூப்பிடறதுன்னா இப்படியா கூப்பிடுவாங்க? கொஞ்சமாவது தணிஞ்சு...

ஏப்ரல் 2, வியாழன்

இதை அக்கா வீட்டில், கடையாக இருந்த முன்னறையில் எழுதுகிறேன். எந்த ஜன்னல் திறந்திருக்க வேண்டும், மின்விசிறி எத்தனையில் ஓட வேண்டும் எல்லாம் அவள் சட்டம். காலையிலிருந்து மூன்று ‘வாயை மூடு’. வாயைத் திறந்தால் நான்காவது. எரிச்சலாக வருகிறது.

பச்சைத் துணியில் என் கோணல் பைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் போடுகிறாள். மெஷினில் உட்கார்ந்து நான் திரும்பத் தைக்கிறேன். பிடிக்காவிட்டால் மறுபடி பிரிக்கிறாள். இன்று இருபத்து மூன்றாவது தேறியது. கடைசி இடம் இன்னும் காலி.

அந்தப் பூ அட்டை என் கைப்பையிலேயே கிடந்தது. எடுத்துக் காட்டினேன். “இதையே வெச்சுடவா?”

அக்கா அட்டையைத் தள்ளிவிட்டு, காலி இடத்தில் விரலால் ஒரு கட்டம் போட்டாள். அங்கே ஒரு வெறும் பை தைத்தேன். தடவிப் பார்த்தாள். நீட்டிக்கொண்டிருந்த நூலை நறுக்கிவிட்டுக் கத்திரியை அதற்குள் போட்டாள்.