கார்டில் நான் எழுதிய தமிழ் வரி

இன்று காலை திருத்தங்கலிலிருந்து இந்த வருஷத்துக் கல்லூரிக் கையேடுகள் கட்டுக்கட்டாக வந்து இறங்கின. கட்டைப் பிரித்ததும் ஆபீஸ் அறை முழுக்க அச்சு மை வாடை. ஒன்றை எடுத்துப் புரட்டினேன். 'அட்டென்டன்ஸ்' என்ற ஆங்கில வார்த்தையில் ஒரு 'டி' குறைகிறது. நாலு வருஷமாக இந்தக் கையேடு உங்கள் அச்சகத்தில்தான் அச்சாகிறது; இதற்கு முன் ஓர் எழுத்துப் பிழை பார்த்ததில்லை. புரூஃப் பார்த்தது நீ. மஞ்சள் காமாலையில் நீ போய்விட்டாய் என்று பங்குனியிலேயே உன் தங்கை வந்து சொன்னாள். அப்போது தலையை ஆட்டினேனே தவிர, எனக்கு உறைக்கவில்லை. இன்றைக்குத்தான் உறைத்தது. அழுதுவிட்டேன். கிளார்க் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

புகுமுக வகுப்பு என்று ஒன்று புதிதாக வந்திருந்த சமயம் நீ எங்கள் கல்லூரியில் சேர்ந்தாய். காரியாபட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து, ஒரு தகரப் பெட்டியோடும் அப்பாவோடும் விருதுநகர் பஸ்ஸில் வந்து இறங்கினாய். உங்கள் ஊரிலிருந்து காலேஜுக்கு வந்த முதல் பெண் நீதான் என்று உன் அப்பா வாட்ச்மேனிலிருந்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். விரிவுரையாளர்கள் ஒவ்வொருவருக்கும் நாற்பது பெண்களைப் பிரித்துக்கொடுத்து, "நீங்கள்தான் இவர்களுக்கு டியூட்டர், படிப்பில் தடுமாறினால் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார் முதல்வர். எனக்கு இருபத்தாறு வயது. மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலத்திலேயே படித்து வளர்ந்து, சென்னையில் எம்.ஏ. வாங்கிய மிதப்பு. பார்த்துக்கொள்வது என்றால் வருகைப் பதிவேட்டைப் பார்ப்பது என்று எடுத்துக்கொண்டேன். வராதவர்களைச் சிவப்பு மையில் குறிப்பேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

ஐப்பசி பிறப்பதற்குள் உன் பெயருக்கு நேரே சிவப்பு வரிசையாக நின்றது. என் சரித்திர வகுப்புக்கே பாதி நாள் நீ வரவில்லை. வராந்தாவில் எதிரே வந்தால் ஒதுங்கி நின்று வணக்கம் சொல்வாய். நானும் தலையசைத்துவிட்டுப் போய்விடுவேன். ஒருநாளாவது நிறுத்தி, என்னம்மா விஷயம் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

வருகை குறைந்தால் வீட்டுக்குப் போடுவதற்கென்று கல்லூரியில் அச்சடித்த தபால் கார்டு இருந்தது. 'உங்கள் மகளுக்கு வருகை குறைகிறது' என்பதை ஆங்கிலத்தில் போட்டு, பெயருக்கு மட்டும் இடம் விட்டிருப்பார்கள். நான் அதோடு விட்டிருந்தால் உங்கள் ஊரில் யாருக்கும் ஒன்றும் புரிந்திருக்காது. எனக்குத்தான் கை சும்மா இருக்கவில்லை. பாவம், படிக்காத மனிதர், அவருக்கு விளங்க வேண்டுமே என்று நல்லெண்ணத்தோடு கீழே தமிழில் ஒரு வரி சேர்த்தேன்: 'உங்கள் மகள் வகுப்புக்கு வராமல் எங்கே போகிறாள் என்று தெரியவில்லை.'

கார்டு என்பது திறந்த கடுதாசி. தபால்காரர் அதை உங்கள் ஊர் பஸ் நிறுத்தத்தில், பத்துப் பேர் நிற்கும்போது, உன் அப்பாவுக்கு உரக்க வாசித்துக்காட்டியிருக்கிறார். எழுதத் தெரிந்த எனக்கு இது தெரியாதா? கவரில் வைத்து ஒட்ட எனக்கு என்ன கேடு?

மறுநாள் முதல் பஸ்ஸிலேயே உன் அப்பாவும் சித்தப்பாவும் வந்துவிட்டார்கள். முதல்வர் அறையில் உன்னையும் என்னையும் நிற்கவைத்துக் கேட்டார்கள். உன் அப்பா உன்னிடம் கத்தவில்லை. என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"டீச்சரம்மா, எம்புள்ள எங்கன போச்சுன்னு நீங்களாச்சும் சொல்லுங்க. ஊரே கேக்குது. நீங்கதான எளுதியிருக்கீக?"

நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாய். 'எனக்குத் தெரியாது, நான் அவளிடம் கேட்கவே இல்லை, அந்த வரியை நான் எழுதியிருக்கக் கூடாது' என்று மூன்று வார்த்தை சொல்லியிருந்தால் நீ அங்கேயே இருந்திருப்பாய். நான் பதிவேட்டைத் திறந்து, "இதில் இருப்பதைத்தான் எழுதினேன்" என்றேன். உன் சித்தப்பா தகரப் பெட்டியை எடுக்கப் போனார்.

நீ போன மூன்றாம் நாள் ஹாஸ்டலில் சமைக்கும் அக்கா ஒரு நோட்டைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாள்.

"அந்தப் புள்ள எங்கயும் போகலம்மா. இங்கன வெறகு அடுக்குற எடத்துலதான் ஒக்காந்து எளுதிக்கிட்டே இருக்கும். கிளாசுல இங்கிலீசு ஒண்ணும் வெளங்கலன்னு அம்புட்டு அளுகை. அப்பாகிட்ட சொல்லிறாதீகக்கான்னு என்கிட்ட சத்தியம் வாங்கிருச்சு."

நோட்டில் ஒவ்வொரு பக்கமும் மூன்று பத்தி. ஆங்கில வார்த்தை, தமிழ் எழுத்தில் அதன் உச்சரிப்பு, பொருள். பெரிய பெரிய வார்த்தைகளாக இருக்கும் என்று நினைத்தேன். 'வேர்ஆஸ்', 'ஹென்ஸ்', 'நேம்லி' என்று நான் வகுப்பில் மூச்சுக்கு மூச்சு உதிர்க்கிற சின்னச் சின்ன இணைப்பு வார்த்தைகள்தான். என் பேச்சைப் புரிந்துகொள்ளத்தான் என் வகுப்புக்கு வராமல் உட்கார்ந்து உழைத்திருக்கிறாய். உன் அப்பாவுக்கு இதையெல்லாம் விவரமாகக் கவரில் எழுதினேன். பதில் இல்லை. தை மாதம் உனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

ஏழு வருஷம் கழித்து ஒரு ஜூன் மாதம் உன் தங்கையைச் சேர்க்க நீயே வந்தாய். அப்பாவிடம் சண்டை போட்டுக் கூட்டிவந்ததாகச் சொன்னாய். வீட்டுக்காரர் திருத்தங்கலில் அச்சகம் வைத்திருப்பதையும், பட்டாசு லேபிள்களில் வரும் ஆங்கிலத்தையெல்லாம் நீ திருத்துவதையும் சொல்லிச் சிரித்தாய். "சீசன்ல எம்புட்டு லேபிள், மிஸ்! அன்னைக்கு விறகுக்கட்டை மேல படிச்சது இன்னைக்குச் சோறு போடுது." மன்னிப்புக் கேட்க அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. நான் விண்ணப்பத்தில் பிறந்த தேதி சரியா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

போகும்போது வாசலில் திரும்பி நின்றாய்.

"இவளுக்கும் நீங்கதான் டியூட்டரா இருக்கணும் மிஸ். வீட்டுக்குக் கார்டு மட்டும் போட்றாதீக. எதுன்னாலும் மொதல்ல அவகிட்டக் கேளுங்க."

குத்திக்காட்டவில்லை நீ. வேண்டிக் கேட்டாய். நான் "சரிம்மா" என்றேன். அடுத்த வருஷமே கையேட்டு ஆர்டரை உங்கள் அச்சகத்துக்கு வாங்கிக்கொடுத்தேன். மன்னிப்புக் கேட்க வாய் வராதவள் செய்கிற வேலை அது. நீயும் அதைப் புரிந்துகொண்டிருப்பாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இனி யாரிடம் போய்த் தெரிந்துகொள்வது?

உன் தங்கை பி.ஏ. முடித்துவிட்டாள். முதல் வருஷம் அவளும் தடுமாறினாள்; கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டேன். இப்போதும் என் பொறுப்பில் நாற்பது பேர். வராத பெண்ணை எங்கே போனாய் என்று கேட்பதில்லை. என்ன புரியவில்லை என்று தமிழில் கேட்கிறேன். கொஞ்ச நேரம் தரையைப் பார்ப்பார்கள், அப்புறம் அழுவார்கள், அப்புறம் சொல்வார்கள். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிஷம் ஆகிறது. உனக்கு அந்தப் பத்து நிமிஷத்தை நான் கொடுக்கவில்லையே அம்மா.