பட்டையை வென்ற தையல் மிஷின்

அன்புள்ள அப்பாவுக்கு,

முட்டிவலி தேவலையா? நான் நன்றாகச் சாப்பிடுகிறேன்.

அப்பா, ஜெயித்துவிட்டோம்! எங்கள் மனநல வார்டில் நேற்று நோயாளியான ஒரு லாரி டிரைவர் சுவரில் தலையை முட்டிக்கொண்டே இருந்தார். தடுத்ததில் என் நெற்றி லேசாக வீங்கியது, அவ்வளவுதான். கட்டிப்போடப் பட்டையோடு வந்த ஹெட் நர்ஸிடம், "பத்து நிமிஷம் குடுங்க" என்று கெஞ்சி, மங்கலான விளக்கும் மெத்தையும் போட்ட எங்கள் அமைதி அறைக்கு டிரைவரை அழைத்துப்போனேன். மழைச் சத்தம், கடல் சத்தம் எதற்கும் அவர் மசியவில்லை. தூக்கம் வராதபோது நான் போனில் பதிந்துவைத்துக் கேட்கும் உங்கள் தையல் மிஷின் சத்தத்தைப் போட்டேன். அதற்கேற்பக் காலை ஆட்டியபடியே உட்கார்ந்துவிட்டார்!

"சத்தம் கேட்டா அடங்கிடுவாங்களாக்கும்" என்று முன்பு கேலி பேசிய ஹெட் நர்ஸ், பட்டையை பீரோவில் வைத்துப் பூட்டினார். "உங்கப்பாவ இன்னும் கொஞ்சம் தைக்கச் சொல்லும்மா" என்றார்.

டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. அரை மணி நேரம் பதிவுசெய்து அனுப்புங்கள். நடுவில் இருமினால் அழிக்க வேண்டாம், அது எனக்கு.

உங்கள் மகள்