மான் வேட்டைக்கு நீ வாங்கிய ரிவால்வர்

நேற்று எங்கள் குடியிருப்பின் ஆண்டு விழாவில் வெண்பொங்கலைக் காகிதத் தட்டில் வைத்துக் கொடுத்தார்கள். ஓரம் நெளிந்த சாதாரண வெள்ளைத் தட்டு. குடும்பம் குடும்பமாக நாற்காலிகளை இழுத்துப்போட்டு வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நான் தண்ணீர் கேன்கள் அடுக்கியிருந்த பக்கமாக நின்றுகொண்டே சாப்பிட்டேன். சாப்பிட்டு முடித்தும் தட்டைக் கூடையில் போடக் கை வரவில்லை. உன் ஞாபகம் வந்துவிட்டது. இந்தப் பருத்திப்பட்டு ஊரில் காகிதத் தட்டைப் பார்த்து மான் வேட்டையை நினைக்கிற ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இதைச் சொன்னால் சிரிக்கக்கூடியவன் நீ ஒருவன்தான். அதனால் உனக்கே எழுதுகிறேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் பக்கத்துப் பக்கத்து லேத் எந்திரத்தில் நின்றவர்கள் நாம். நீ பக்கத்து அயனம்பாக்கத்துக்காரன், சென்னையிலேயே பிறந்தவன். நான் விருதுநகரிலிருந்து பிழைக்க வந்தவன். என் பேச்சைக் கேட்டு நீ சிரிப்பாய், உன் பேச்சைக் கேட்டு நான் சிரிப்பேன். பிறகு நீ பென்சில்வேனியாவில் ஏதோ சிற்றூரிலிருந்த ஒரு பட்டறைக்குப் போனாய். அங்கே போன சில வருஷங்களில் உன் மனைவி பிரிந்து போனாள். இங்கே என் மனைவி காலமானாள். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைதோறும் பேசிக்கொள்ள ஆரம்பித்தோம். இருவருக்கும் அன்றுதான் வீடு மிகவும் பெரியதாக இருந்தது.

அப்படி ஒரு ஞாயிறில்தான் சொன்னாய். "மாமே, துப்பாக்கி வாங்கப் போறேன்."

"எதுக்குடா? யாரைச் சுடப் போற?"

"மானு. இங்க லைசன்ஸ் குடுக்கறான், அதுக்குன்னு சீசன் கீது. ரைஃபில் இல்ல மாமே, ரிவால்வர்."

"கைத்துப்பாக்கியால மானைச் சுட முடியுமா?"

"ரைஃபில்னா எட்டக் கீறதையே அடிச்சிடலாம். இதுக்குக் கிட்ட வரணும். கிட்ட வரணும்னா மரத்தாண்ட சும்மா குந்திகினு இருக்கணும். எனக்கு ஊட்ல வேற இன்னா வேல?"

கடைசி வாக்கியத்தைச் சிரித்துக்கொண்டே சொன்னாய். என்னால் சிரிக்க முடியவில்லை.

அதைத் தேர்ந்தெடுக்க நீ எடுத்துக்கொண்ட காலத்தில் ஒரு வீடே கட்டியிருக்கலாம். கடைக்காரன் இருப்பதிலேயே பெரியதை எடுத்து நீட்டினானாம். சுட்டுப் பார்க்கிற இடத்தில் ஒரு தடவை விசையை இழுத்ததற்கு அந்த வாரம் முழுக்க உன் மணிக்கட்டு வீங்கிக் கிடந்தது. சின்னதும் வேண்டாம் என்றாய். "அது மானைக் கொல்லாது மாமே, காயம் பண்ணி ஓட உட்டுடும். அது பாவம்." கடைசியில் நாற்பத்து நாலு மேக்னம் என்கிற ரகத்தில் ஒன்று, நீளக் குழல் வைத்தது. வீடியோவில் அதைத் தூக்கிக் காட்டியபோதே உன் தோள் சாய்ந்தது. இவ்வளவு கனம் எதற்கு என்று கேட்டேன். கனம் இருந்தால்தான் சுடும்போது கையில் உதை கம்மி என்றாய். ஆறு குண்டு போடலாம். ஆனால், "மொதக் குண்டுதான் குண்டு. மத்ததெல்லாம் சும்மா துணைக்கு."

பலகையில் ஒரு காகிதத் தட்டை ஆணியடித்து அதைச் சுட்டுத்தான் பழகினாய். மானின் நெஞ்சுக்கூடு ஏறத்தாழ அந்த அகலம்தானாம். ஆறும் தட்டுக்குள் விழுந்தால் கொஞ்சம் பின்னால் போவாய். ஒன்று வெளியே போனாலும் முன்னால் வந்துவிடுவாய். "ஆறும் உள்ள உழற தூரம்தான் என் தூரம். அதுக்கு ஒரு அடி தள்ளி நின்னாலும் அது என் மான் இல்ல."

அதற்குள் நான் மாறியிருந்த திருமழிசைக் கம்பெனி ஒரு எந்திரத்தைப் பார்த்துவர என்னை அமெரிக்காவுக்கு அனுப்பிய நவம்பரில், லீவு போட்டுக்கொண்டு உன்னிடம் வந்தேன். மற்ற வேட்டைக்காரர்கள் நம்மை மானென்று நினைத்துவிடாமலிருக்கக் கண் கூசும் ஆரஞ்சு நிறச் சட்டையை மாட்டிவிட்டு, காதுக்கு அடைப்பும் கொடுத்து, விடியும்போதே காட்டுக்குள் கூட்டிப்போனாய். ஒரு மரத்தடியில் உட்கார்ந்தோம். குளிரில் என் கால் விரல்கள் மரத்துப்போயின. கிளைக் கொம்போடு ஒரு பெரிய மான் வந்து பக்கவாட்டில் நின்றது. "சுடுடா" என்று கிசுகிசுத்தேன். நீ மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினாய். உன் தூரத்துக்கு அது கொஞ்சம் தள்ளி நின்றது. ஆற அமர மேய்ந்துவிட்டுப் போய்விட்டது.

வெயில் ஏறிய பிறகு இன்னொன்று வந்தது, அதைவிடச் சிறியது. நெருங்கி வந்தது. ஊன்றியிருந்த கவட்டைக் குச்சியில் கையைச் சாய்த்து, கட்டைவிரலால் துப்பாக்கியின் பின்முனையிலிருந்த சுத்தியலைப் பின்னால் இழுத்தாய். வெடித்தபோது என் நெஞ்சே அதிர்ந்தது. மான் ஒரு துள்ளு துள்ளிப் புதருக்குள் ஓடிவிட்டது.

"போயிடுச்சேடா!"

"குந்து மாமே. இப்பப் பின்னாடி போனா பயந்துகினு இன்னும் ஓடும்."

வெகுநேரம் காத்திருந்தோம். பிறகு சருகுகளில் தெரிந்த ரத்தப் பொட்டுகளைப் பார்த்துக்கொண்டே நடந்தோம். விழுந்து கிடந்த ஒரு மரத்தின் அடியில் அது கிடந்தது. நீ மண்டியிட்டு அதன் கழுத்தில் உள்ளங்கையை வைத்தாய். எடுக்கவே இல்லை.

அன்று மாலை மிளகு போட்டுக் கறி சமைத்தோம். எனக்காக அலமாரியிலிருந்து இன்னொரு சாப்பாட்டுத் தட்டை எடுத்தாய். அதில் தூசி படிந்திருந்தது. கழுவித் துடைத்த பிறகுதான் அதில் சோறு போட முடிந்தது.

சில வருஷங்கள் கழித்து உன் கை நடுங்கத் தொடங்கியது. நரம்புக் கோளாறு, இனி கூடத்தான் செய்யும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நீ அதை என்னிடம் வியாதியாகச் சொல்லவே இல்லை, சுடுகிற தூரமாகத்தான் சொன்னாய். "இந்த வருசம் வாசல்லேர்ந்து கேட்டு வரைக்கும்தான் மாமே." அடுத்த வருஷம், "ஹாலு நீளம்தான் வருது." ரைஃபிள் வாங்கு, தாங்கல் வைத்துச் சுடலாமே என்றேன். "நடுங்கற கையில எத்தக் குடுத்தாலும் மானுக்குத்தான் கஷ்டம்" என்றாய். ஒரு ஞாயிறு, துப்பாக்கியைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னாய்.

ஆனாலும் சீசன் வந்ததும் நீ காட்டுக்குப் போனாய், வெறுங்கையோடு. ஒரு சாயங்காலம் எங்கள் ஊர் ஏரிக்கரை நடைபாதையில் நான் இருந்தபோது உன் அழைப்பு வந்தது. உனக்கு அது காலை. "மாமே, பேசாத. காதுல வச்சிகினு சும்மா இரு." சாலைப் பக்கம் ஒரே ஹாரன் சத்தம். ஒரு சுவரோரமாக ஒதுங்கி, மறு காதைப் பொத்திக்கொண்டேன். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு சருகு மிதிபடும் ஓசை. நின்றது. மறுபடி மிதிபட்டது, இன்னும் நெருக்கத்தில். அப்புறம் ஒரு மூச்சு, இழுத்து விட்ட நீளமான மூச்சு.

"போயிடுச்சு," என்றாய் மெதுவாக. "இவ்ளோ கிட்ட ஒருவாட்டியும் வந்ததில்ல மாமே. கைய நீட்டினா தொட்டிருக்கலாம்."

அதற்கப்புறம் நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை. யாரும் போனை வைக்கவும் இல்லை.

பனிக்காலம் முடிவதற்குள் நீ தூக்கத்திலேயே போய்விட்டாய். உன் பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்டுச் சொன்னார். என்னால் வர முடியவில்லை. எல்லாவற்றையும் அங்கேயே முடித்துவிட்டார்கள்.

அன்று போனில் கேட்ட அந்த மூச்சு உன்னுடையதா மானுடையதா என்று கேட்க நினைத்திருந்தேன். அடுத்த ஞாயிறு கேட்கலாம் என்று விட்டேன். அடுத்த ஞாயிறு வேறு ஏதோ பேசினோம். இப்போது யாருடையது என்று தெரியாமலே அதை வைத்துக்கொண்டிருக்கிறேன்.