மூன்றாவது தவணை

மருமகளுக்கு,

பேரன் நன்றாக இருக்கிறான். ஆனால் போன வாரம் நீ போனில் கேட்டபோது, "மூணாவது தடவையும் சொட்டு மருந்து குடுத்தாச்சு" என்றேனே, அது பொய்.

சுகாதார நிலையத்து நர்ஸ் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. ஊசி என்றால் குத்துவதாவது தெரியும். இவள் பிள்ளையின் வாயில் ஐந்து சொட்டு விட்டுவிட்டு, இனி பேதி வந்து படுக்காது என்கிறாள். "எனக்கும் ஒரு சொட்டு விடு, என்னன்னு பாக்கறேன்" என்றேன். "பாட்டி, உங்களுக்குப் பல்லு முளைச்சாச்சா?" என்று எல்லார் முன்னாலும் சிரித்தாள். அப்படியே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நேற்று மாடிவீட்டுக் குழந்தையைப் பேதி என்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கண் உள்ளே போயிருந்தது. அந்தக் கண்ணை முன்பு ஒரு முறை என் மடியில் பார்த்திருக்கிறேன். உன் புருஷனுக்கு மூத்தவனைப் பற்றி நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

இன்று காலை பேரனைத் தூக்கிக்கொண்டு மறுபடி அங்கே போனேன். அவளேதான் இருந்தாள். "இப்பவாவது வந்தீங்களே" என்றாள். ஐந்து சொட்டையும் எண்ணினேன், அவன் விழுங்கும்வரை அவள் கையை விடவில்லை.

அவள் சிரித்ததை நான் மறக்கமாட்டேன். நான் சொன்ன பொய்யை நீயும் மறக்காதே.

உன் மாமியார்